கூட்டல் வருகிறது, கழித்தல் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

பாளை அம்மா:
மகள் மூன்றாம் வகுப்பு. கூட்டல் எவ்வளவு கொடுத்தாலும் கடகடவென்று போட்டுவிடுகிறாள், கழித்தல் என்றால் நோட்டை மூடிவிடுகிறாள். 52-ல் 38 போனால் 26 என்று எழுதியிருக்கிறாள். கேட்டால், "8-ல 2 போனா 6, 5-ல 3 போனா 2, சரிதானம்மா" என்கிறாள். தெரிந்த கூட்டலை வைத்தே கழித்தலைச் சொல்லிக்கொடுக்க வழி உண்டா?

டவுன் கடைக்காரன்:
உண்டு அக்கா. கல்லாவில் நாங்கள் கழிப்பதே இல்லை. 38 ரூபாய்க்குச் சாமான், நீட்டியது நூறு ரூபாய்த் தாள் என்றால், 2 ரூபாய் வைத்தால் 40, ஒரு பத்து வைத்தால் 50, அப்புறம் ஒரு ஐம்பது, நூறு ஆச்சு. கையில் வைத்ததைக் கூட்டினால் 62, அதுதான் பாக்கி. "38-ஓட எவ்வளவு சேர்த்தா 52 வரும்" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
தம்பி சொன்னது மனக்கணக்குக்கு ரொம்ப நல்லது. ஆனால் அந்த 26 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் அம்மா. கூட்டலில் 2-ஐயும் 8-ஐயும் எப்படி மாற்றிப் போட்டாலும் 10தான், அந்தப் பழக்கத்தில் கழித்தலிலும் மாற்றிப் போட்டுவிட்டாள். திட்டாதீர்கள். 26-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொல்லுங்கள், 64 வரும், 52 வராது, தப்பு அவளுக்கே தெரிந்துவிடும். அப்புறம் 38-ஓடு 14-ஐக் கூட்டிக் காட்டுங்கள். 8-ம் 4-ம் 12, 2-ஐ எழுதிவிட்டு ஒரு பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறோம் இல்லையா, கழிக்கும்போது அதே பத்தைத்தான் 5-லிருந்து திரும்ப எடுத்து 2-ஐ 12 ஆக்குகிறோம். இதைக் காட்டாமல் வெறுமனே "கடன் வாங்கு" என்றால் பிள்ளை என்னத்தைச் செய்யும்?

அம்பை விவசாயி:
எங்கள் வீட்டில் அணைக் கணக்குதான். பாபநாசம் அணை 143 அடி. நீர்மட்டம் 96 அடி என்று பேப்பரில் வந்தால், நிரம்ப இன்னும் எவ்வளவு வேண்டும்? 100-க்கு 4, அதற்கு மேல் 43, ஆக 47 அடி. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்குமா என்ற கவலையில் வீட்டில் எல்லோரும் போடுகிற கணக்கு, பிள்ளைகளும் கேட்டுக் கேட்டே பழகிவிட்டார்கள்.

பாளை அம்மா:
சேர்த்துக் கேட்டதும் 14 என்று உடனே சொல்லிவிட்டாள்! ஆனால் 302-ல் 147 மாதிரி நடுவில் பூஜ்யம் வந்தால் நிற்கிறாள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
302 என்பதை 30 பத்தும் 2 ஒன்றும் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பத்தை எடுத்தால் 29 பத்து, 12 ஒன்று. 12-ல் 7 போனால் 5, 29-ல் 14 போனால் 15, விடை 155. அதோடு 147-ஐக் கூட்டி 302 வருகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.