பிராக்கிதெரபிக்குத் தமிழில் என்ன? (அவசரம்)

தே. எழுதியது:
அன்பர்களே, கருப்பை உள்வரிப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கான கையேட்டை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. கருப்பையை எடுத்தபின், பிறப்புறுப்புப் பாதையின் மேல்முனையில் நோய் திரும்பாமலிருக்க, உள்ளே ஓர் உருளையை வைத்து, அதற்குள் கதிர்வீசும் இரிடியம்-192ஐச் சில நிமிடம் நிறுத்திக் கதிர் கொடுக்கிறார்கள். இதற்கு ஒரு சொல் வேண்டும். 'அட்ஜுவன்ட்' என்பதற்குத் துணைச் சிகிச்சை என்று போட்டால் ஒப்புக்குச் செய்வதுபோல் தொனிக்கிறது. 'அறுவைக்குப் பின்' என்றே எழுதிவிட்டேன்.

நா.:
பிராக்கிஸ் என்றால் கிரேக்கத்தில் 'குறுகிய'. தமிழில் குறுகுதல் சுருங்குதல் மட்டுமல்ல, கிட்டப் போதலும்தான். குறு, குறுகு, குறுக்கம், ஏன், குற்றியலுகரம் வரை ஒரே குடும்பம். கண்ணை மூடிக்கொண்டு 'குறுங்கதிர்' போடலாம்.

ம.:
ஐயா, படிப்பவர் கொஞ்சூண்டு கதிர் என்று நினைத்துக்கொள்வார். 2010இல் முடிவு வெளியான போர்டெக்-2 ஆய்வில் வெளியிலிருந்து இடுப்புக்குழிக்குக் கொடுத்தது 23 தவணையில் 46 கிரே (உடம்பு ஏற்கும் கதிரின் அலகு). தடவைக்கு 2. உள்ளே வைத்துக் கொடுத்ததோ, வேகமுறையில் தடவைக்கு 7 கிரே, மூன்றே தவணை. மேல்முனையில் நோய் திரும்புவதை இரண்டும் ஏறக்குறைய ஒரேபோல் தடுத்தன; வயிற்றுப்போக்குத் தொல்லை உள்ளே வைத்தவர்களுக்குக் குறைவு. இங்கே குறுகியது தூரம்தான், வீரியம் அல்ல.

செ.:
அப்படியானால் அண்மைக்கதிர். வெளியிலிருந்து வருவது சேய்மைக்கதிர். அண்மை விளி, சேய்மை விளி என்று இலக்கணத்திலேயே இந்த இணை உண்டு. கூடவே 'சிகிச்சை'யை எடுத்துவிட்டு 'மருத்துவம்' போடுங்கள். பிறப்புறுப்புப் பாதை என்று ஏன் சுற்றிவளைக்க வேண்டும்? புணர்புழை இருக்கிறதே.

தே.:
செ. ஐயா, அதை மட்டும் போட மாட்டேன். தையல் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் கையில் கொடுக்கும் தாள் இது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதினர்.

நா.:
சங்கப் பாடல்களின் 'அல்குல்' இடையா, இடுப்பா, அதற்கும் கீழா என்பதை இந்த இடத்தில்...

ம.:
வேண்டாம் ஐயா. அந்தச் சண்டை போன தடவை நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

க.:
இத்தனை எதற்கு? மக்கள் 'கரண்ட் வைக்கிறது' என்கிறார்கள்.

தே.:
ஷாக் அடிக்குமோ என்ற பயமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. எனக்கு 'உள்கதிர்' பிடிக்கிறது.

ம.:
தோல் புற்றுநோய்க்கு உடம்பின் மேலேயே வைத்துக் கொடுக்கும் பிராக்கிதெரபி உண்டு. அங்கே 'உள்' பொய்யாகிவிடும். இன்னொன்று, உள்கதிர் என்றால் கதிர் உள்ளேயே தங்கிவிட்டதுபோல் இருக்கிறது. 'பேரனைத் தூக்கலாமா' என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். இரிடியத்தை வெளியே இழுத்தபின் உடம்பில் எதுவும் மிஞ்சுவதில்லை, தாராளமாகத் தூக்கலாம்.

தே.:
என் கையேட்டில் தோல் இல்லை. பேரன் வாக்கியத்தை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் நேரமும் இல்லை: உள்கதிர் சிகிச்சை. முதல் பக்கத்தில் மட்டும் பிராக்கிதெரபியும் இருக்கும். மருத்துவமனைச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

செ.:
'சிகிச்சை'க்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பாதை சுருங்காமலிருக்கப் பிறகு டைலேட்டர் கொடுப்பார்களே, அதற்கு 'விரிப்பி' போடுங்கள். 'விரிப்பான்' வேண்டாம், ஆண்பால் ஒலிக்கிறது.

க.:
அப்போ கரைப்பான் மட்டும் ஆண்பிள்ளையா?