பதில்: ஹார்ட் பிளாக் – 'இதய அடைப்பு' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஹார்ட் பிளாக் = இதய அடைப்பு. கண்டக்‌ஷன் சிஸ்டம் = கடத்தல் மண்டலம். இதில் என்ன குழப்பம்?

குழப்பம் இருக்கிறது ஐயா. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது, குழந்தைக்கு இதய அறுவை நடக்கப்போகிற நேரத்தில் பெற்றோர் கையில் கொடுக்கிற விளக்கத் தாள். அதில் 'அறுவைக்குப் பின் இதய அடைப்பு வரலாம்' என்று எழுதினால் படிக்கிற அம்மாவுக்கு மாரடைப்புதான் நினைவுக்கு வரும். 'ஹார்ட்டுல மூணு பிளாக்காம், ஸ்டென்ட் வச்சிருக்காங்க' என்று ஊரில் பேசுகிற பிளாக் ரத்தக்குழாயில் இருப்பது. இங்கே குழாயில் ஒரு கோளாறும் இல்லை, மேலறையில் கிளம்பிய மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கீழறை தன் போக்கில் மெதுவாக அடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் 'கடத்தல்'. கண்டக்‌ஷன் சிஸ்டம் என்பது அந்த மின்துடிப்பைக் கீழறைக்குக் கொண்டுபோகிற பாதை. வெப்பக் கடத்தல், மின்கடத்தல் எல்லாம் பள்ளிப் பாடத்தில் சரி. 'குழந்தையின் கடத்தல் மண்டலம்' என்று தாளில் அச்சடித்துப் பாருங்கள், காவல் நிலையத்துக்குப் போகத் தோன்றும்.

இழையில் இன்னொருவர் ஹார்ட் பிளாக்குக்கு 'இதய மின்தடை' என்றார். நமக்கு மின்தடை என்றால் கரண்ட் போவது, பாடநூலில் அதுவே ரெசிஸ்டன்ஸ். வேடிக்கை என்னவென்றால் இந்த நோயின் வரலாற்றில் நிஜமாகவே ஒரு மின்தடை உண்டு. 1950களில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ட் லில்லெஹெய் என்ற அறுவையாளர் குழந்தைகளின் இதயச் சுவரில் இருந்த ஓட்டையைத் தைத்தபோது சிலருக்கு ஹார்ட் பிளாக் வந்தது. அவர்களைக் காப்பாற்றிய பேஸ்மேக்கர்கள், அதாவது இதயத்துக்கு வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுக்கும் கருவிகள், சுவர் பிளக்கில் செருகியவை. 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸில் கரண்ட் போனது. அதன் பிறகுதான் ஏர்ல் பேக்கன் என்ற பொறியாளர் பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கரைச் செய்து கொடுத்தார். ஆகவே ஒரே பத்தியில் இரண்டு 'மின்தடை' வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம்.

தைப்பதால் ஏன் வருகிறது என்று பார்த்தால் சொல்லுக்கும் வழி கிடைக்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்துடிப்பை வாங்கிக் கடத்துகிற ஏவி கணுவிலிருந்து இறங்குகிற தசையிழைக் கட்டான ஹிஸ் கற்றை, இரண்டு கீழறைகளுக்கும் நடுச்சுவரில் உள்ள ஓட்டைகளில் அதிகம் காணப்படும் வகையில், ஓட்டையின் பின்-கீழ் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் கற்றை அறுந்தது. கண்ணுக்கு அது சுற்றியிருக்கிற தசையைப் போலவேதான் தெரியும். ஈசிஜி வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால் இதயத்தை நிறுத்திவைத்துத்தான் தைக்கிறார்கள், நின்ற இதயத்தில் மின்துடிப்பு ஏது? அறுவையாளர்கள் உடற்கூறு நினைவை நம்பித்தான் ஊசி போடுகிறார்கள். சில பிறவிக் குறைகளில் கற்றை வேறு பக்கமாக ஓடும், அபூர்வமாக ஏவி கணுவே இரண்டு இருக்கும். அங்கே அந்த நினைவும் கைகொடுக்காது.

இதற்குத்தான் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையும் யூட்டா பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு வழி செய்தன. கண் மருத்துவர்கள் பயன்படுத்துகிற அதே ஃப்ளோரசின் என்ற ஒளிரும் சாயத்தை வைத்து, ஒளியிழை முனையுள்ள கன்ஃபோக்கல் நுண்ணோக்கியை (திசுவை வெட்டாமலே உள்ளே பார்க்கும் வகை) இதயத்தின் மேல் தொட்டுப் பார்க்கிறார்கள். சாயம் செல்களுக்கு இடையில் தங்குவதால் சாதாரண தசை, நாற்று நட்ட வரிசை மாதிரி கோடு கோடாகத் தெரியும். கணு இருக்கிற இடம் வலைப்பின்னலாகத் தெரியும். எங்கே தைக்கக்கூடாது என்பது தைப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

அந்தக் கணுவையும் கற்றையையும் கிளைகளையும் ஒரே தொடர் என்று 1906இல் காட்டியவர் ஜெர்மனியில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா. ஒரே தொடர் என்றால் அது ஒரு தடம். என் பரிந்துரை: கண்டக்‌ஷன் சிஸ்டம் = துடிப்புத் தடம். ஹார்ட் பிளாக் = தடமுறிவு. முதலில் 'துடிப்புக்கால்' என்று வாய்க்கால் பக்கம் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் என்றதும் அடைப்பும் கூடவே வந்துவிடுகிறது, விட்டுவிட்டேன்.

அன்புடன்.

—

தம்பி,

துடிப்புத் தடம் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். இலங்கைப் பாடநூல்களில் துடிப்பு கிளம்புகிற எஸ்ஏ கணுவைக் குடாச்சோணைக் கணு என்று எழுதுவார்கள், அதோடும் பொருந்திப் போகும். ஆனால் தடமுறிவு சரிப்படாது. பிளாக்கில் மூன்று நிலை உண்டு. முதல் நிலையில் எல்லாத் துடிப்பும் கீழே போகிறது, தாமதமாகப் போகிறது. இரண்டாம் நிலையில் சில விட்டுப்போகும். மூன்றாவதில்தான் ஒன்றும் போகாது. முப்பது வருடம் ஈசிஜி பார்த்தவன் சொல்கிறேன், முதல் நிலைக்கு 'முறிவு' என்று எழுதிக் கொடுத்தால் நோயாளி வீட்டில் அன்று யாரும் சாப்பிட மாட்டார்கள்.

—

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். முறிவை எடுத்துவிட்டேன். 'தடங்கல்' தாமதத்துக்கும் ஆகும், நின்றுபோவதற்கும் ஆகும். 'தடத் தடங்கல்' என்றால் ரயில் போகிற சத்தம் கேட்கிறது, அதனால் 'துடிப்புத் தடங்கல்'. மூன்றாம் நிலைக்கு 'முழுத் துடிப்புத் தடங்கல்'. துடிப்பே நின்றுவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளாமலிருக்க முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் வைக்கிறேன். கன்ஃபோக்கலுக்கு 'பொதுக்குவிய' என்று இருக்கிறது, தாளில் அது தேவையில்லை, 'நுண்ணோக்கி' போதும்.

இப்போது வாக்கியம் இப்படி வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் மெல்லிய தடம் ஒன்று உண்டு. தையல் போடும் இடம் அதற்கு மிக அருகில் இருப்பதால் சில குழந்தைகளுக்குத் துடிப்புத் தடங்கல் ஏற்படலாம். இது மாரடைப்பு அல்ல. பல நேரம் சில நாட்களில் தானே சரியாகும். ஆகாவிட்டால் பேஸ்மேக்கர் பொருத்துவோம்."