புதுப்பிப்பு: ஈஸ்ட்போர்ன் சாக் பாறை இழையில் ஒரு திருத்தம்

இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் கடலோரச் சாக் (மென்மையான வெண் சுண்ணாம்புக்கல்) பாறைகளைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, ரோட்டலிபோரா குஷ்மனி என்ற ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள கடல் நுண்ணுயிரி) பாறையில் மறையும் இடமே செனோமேனியன்-டூரோனியன் எல்லை, அதாவது கிரெட்டேசியஸ் காலத்தின் அடுத்தடுத்த இரு பிரிவுகளுக்கு இடையிலான எல்லை, என்று சொல்லியிருந்தேன். அது தவறு. எல்லைக்குக் கீழே, பிளீனஸ் மார்ல் என்ற களிமண் கலந்த சாக் அடுக்குகளிலேயே அது மறைந்துவிடுகிறது.

சரி, எல்லையை எப்படிப் பிடிப்பது? அங்கேதான் கார்பன்-13 (சாதாரணக் கார்பன்-12ஐவிடச் சற்றுக் கனமான கார்பன் வகை) உதவுகிறது. அந்தக் காலத்தில் கடலடிச் சேற்றில் ஏராளமான உயிர்க்கழிவு மக்காமல் புதைந்தது. உயிரிகள் கார்பன்-12ஐயே விரும்பி எடுப்பதால், நீரில் கார்பன்-13இன் பங்கு கூடியது. சாக்காகப் படிந்த நுண்ணோடுகளில் அது பதிவானது. ஈஸ்ட்போர்னில் கார்பன்-13 அளவைக் காட்டும் வளைகோடு பிளீனஸ் மார்லில் ஏறி, சற்றே இறங்கி, மறுபடி ஏறுகிறது. மொத்த உயர்வு ஆயிரத்துக்கு 2 பங்குக்கும் மேல். ஓர் இனம் இடத்துக்கு இடம் வெவ்வேறு காலத்தில் மறையலாம். கடல்நீர் கலந்துகொண்டே இருப்பதால் கார்பன் மாற்றம் எங்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது இது: இந்த எல்லைக்கு உலகம் முழுவதும் அளவுகோலாகக் கொள்ளும் குறியிடம் அமெரிக்காவில், கொலராடோவின் புவெப்லோவில் இருக்கிறது. அந்த வட்டாரத்து எரிமலைச் சாம்பல் அடுக்குகள்தான் 9.39 கோடி ஆண்டு என்ற வயதுக்கு ஆதாரம். அந்த வயதை அட்லாண்டிக் தாண்டி ஈஸ்ட்போர்னுக்குக் கொண்டுவருவது இதே வளைகோடு.

பழைய படத்தில் எல்லைக்கோட்டை மேலே நகர்த்திவிட்டேன்.