ராஜாக் குதிரையின் தலை: எங்கள் குடும்பக் குழுவிலிருந்து

அண்ணன்: அனைவருக்கும் வணக்கம். நேற்றிரவு மழையில் கொட்டகைக் கூரை ஒழுகி, நம் பொய்க்கால் குதிரை ஆட்டத்தின் ராஜாக் குதிரையின் காகிதத் தலை ஊறிப்போய்விட்டது. தொட்டதும் இடது காது கையோடு வந்துவிட்டது. பங்குனி உத்திர ஆட்டத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறோம். என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

அத்தை: ஐயோ, அப்பா செய்த குதிரையா?

அண்ணன்: ஆமாம் அத்தை. ராணிக் குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கும்பகோணம் மாமா: ஃபைபரில் ஒரு தலை வாங்கிவிடலாம். நனைந்தாலும் கவலை இல்லை.

பெரியப்பா: மாப்பிள்ளை, ஃபைபர் நனையாது என்பது உண்மைதான். ஆனால் ராணி காகிதத் தலையோடு நிற்க, ராஜா மட்டும் பளபளவென்று வந்தால் ஜோடி பொருந்தாது. அதைவிட முக்கியமானது எடை. ஆடுகிறவர் குதிரைக் கூட்டைத் தோளில் வாரால் மாட்டிக்கொண்டு, கட்டைக்கால்களின் மேல் நின்று ஆடுகிறார். அந்தக் கட்டையில் ஓரிடத்தில் அசையாமல் நிற்க முடியாது, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைப்பக்கம் சற்றே கனத்தாலும் கூடு முன்னால் சாய்ந்து முதுகை இழுக்கும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் 11 ஆடல்களில் மரக்காலாடலும் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

சித்தப்பா: தலையை வார்க்கும் அச்சு இருந்தால் காகிதத்திலேயே நானே செய்துவிடுவேன். அது யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா: என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. கேட்டு யாரும் வரவில்லை.

அத்தை: பாகப் பிரிவினைப் பேச்சு இங்கே வேண்டாம், அண்ணா.

அக்கா: பெரியப்பா, பசையை நான் காய்ச்சுகிறேன். பக்குவம் சொல்லுங்கள்.

பெரியப்பா: புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சு அம்மா. சிறிது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது நஞ்சு என்பதால் சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதே. ஈரத்தின் மேல் ஈரமாகக் காகிதத்தை அடுக்கிக்கொண்டே போனால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். நடுநடுவே வெயிலில் காயவிட வேண்டும். குதிரைக்கு உயிர் வருவது மூக்கிலும் காதிலும்தான். மூக்குத் துவாரம் விரிந்து, காது முன்னோக்கி நின்றால் அது பாய்கிற குதிரை. காதைப் பின்னால் படியவைத்தால் சினந்த குதிரையாகிவிடும்; ராஜா ஏறிவரும் குதிரைக்கு அந்த முகம் ஆகாது.

கும்பகோணம் மாமா: ராஜா வேடம் இந்த ஆண்டும் போன ஆண்டு ஆடியவனுக்குத்தானா? என் மகனும் கட்டைக்கால் பழகிவிட்டான்.

அண்ணன்: மாமா, முதலில் தலை வரட்டும்.

கும்பகோணம் மாமா: இப்படித்தான் போன ஆண்டும் சொன்னீர்கள். எதற்கும் ஃபைபர் விலையை விசாரித்து வைக்கிறேன்.

அத்தை: அப்பா செய்த அந்தப் பழைய காதை யாரும் எறிந்துவிடாதீர்கள்.

சித்தப்பா: அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அச்சில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காகிதமா ஃபைபரா என்பதைப் பேசிக்கொள்ளலாம்.

பெரியப்பா: சாப்பிடாமல் வா.