எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சட்டம் கைகொடுத்த நேரங்கள்

பெரியப்பா வியாபாரத்துக்கு வாங்கிய கடன் அவர் இறந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. காரியம் முடிவதற்குள் கடன் கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். "இன்ஷூரன்ஸ் பணம் வருமே, அதைக் கொடுங்க" என்று பெரியம்மாவை நெருக்கினார்கள். அவரும் எழுதிக்கொடுக்கத் தயாராகிவிட்டார். பாலிசியைப் பார்த்த வக்கீல்தான் தடுத்தார். அது 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 6-வது பிரிவின் கீழ் எடுத்தது. கணவன் தன் உயிர்மீது மனைவி, பிள்ளைகளுக்காக இப்படி எடுத்தால் அந்தப் பணம் அவர் சொத்தில் சேராது, அவர்களுக்கென்றே ஒதுக்கிக் காக்கும் டிரஸ்ட் ஆகிவிடும். கடன்காரர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் தவிர, அவர்கள் அதைத் தொட முடியாது. இந்துக்கள், முஸ்லிம்களுக்கு இந்தப் பிரிவு முதலில் வந்தது மதராஸில்தான்: 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கு. மற்ற பகுதிகளுக்கு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாமினி பெயர் எழுதியாச்சே என்று இருந்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

* * *

அக்கா, பெரியம்மா தப்பித்ததை நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. என் அம்மாவுக்குத் தேதிதான் குறுக்கே நின்றது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்ற 1989 தமிழ்நாட்டுச் சட்டம், அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. அம்மாவுக்கு அதற்கு முந்தைய தை மாதம் கல்யாணம். சித்திக்குப் பங்கு உண்டு, அம்மாவுக்கு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்குள் இப்படி ஒரு பிரிவா என்று இன்றும் எனக்கு ஆறவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியச் சட்டத்திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனாலும் மாமா, "தாத்தா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், உனக்குக் கிடையாது" என்றே சொல்லிவந்தார். அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருக்கத் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம்தான் அம்மா துணிந்து வழக்குப் போட்டார். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் அந்தப் பிரிவினையை மறுபடி கிளற முடியாது. எங்கள் வீட்டில் பத்திரம் எதுவும் இல்லை, வெறும் வாய்ப்பேச்சுதான். வழக்கு நடக்கிறது.

* * *

நகை விஷயமும் சொல்கிறேன். பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கே முழுச் சொந்தம், புகுந்த வீட்டார் திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. என் தோழிக்கு ஸ்டேஷனில் உதவியது, நகைக்கடை ரசீதும் கல்யாண ஆல்பமும்.