இரண்டாவது பிள்ளைப்பேறு: "உனக்குத் தெரியும்தானே" எண்டு விட்ட வீடுகளில் கண்டவை

பிள்ளை பெத்த தாய்மாரை வீட்டிலையும் வாட்டிலையும் போய்ப் பாத்த ஆக்கள் ஒருத்தருக்கொருத்தர் எழுதினவை. ஒவ்வொரு தலைப்பும் எழுதின ஆளின்ரை புனைபெயர்.

கிணத்தடி

கொக்குவில் பக்கம் ஒரு வீடு. இரண்டாவது பிள்ளை, சாதாரணப் பிரசவம், தையல் இருக்கு, ஆறாம் நாள். பிள்ளையின்ரை நிறை சரி, தொப்புள் காய்ஞ்சு வருது. கை கழுவப் பின்பக்கம் போனால் தாய் பைப்படியிலை நிக்கிறா. வாய் கொப்பளிக்கிற மாதிரித் தண்ணியை அள்ளுறா, ஆனால் துப்பேல்லை. மூண்டு தரம் அள்ளினா, மூண்டும் உள்ளுக்கை போட்டுது. ஆள் நிக்கிறதைக் கண்டோன்ன வாயைத் துடைச்சுப்போட்டு, "மாமிக்குச் சொல்லாதேங்கோ அக்கா" எண்டா.

நாளைக்கு ரெண்டு பேணி மல்லித்தண்ணி, அவ்வளவுதான் அவவுக்கு. தண்ணி கூடினால் வயிறு போடும், உள்புண் ஆறாது எண்டு பயம். மாமி கெட்ட மனுசி இல்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி உள்ளி உரிக்கிறவ, பிள்ளையின்ரை துணி முழுக்கத் தோய்க்கிறவ. அதாலைதான் அவவோடை கதைக்கிறது இன்னும் கஷ்டம்.

கேட்டுப் பாத்தால் சிறுநீர் கட்டிப் பிளேன்டீ நிறம், போகேக்கை எரியுது, வெளிக்குப் போய் நாலு நாள். பாலாய் மட்டும் நாளுக்கு முக்கால் லீற்றர் அளவு உடம்பை விட்டுப் போகுது, அதோடை எங்கட வெயில். தண்ணி போதாட்டில் மலம் இறுகும், முக்கினால் தையலிலை இழுவை வரும், நோவுக்குப் பயந்து அடக்குவினம், அது இன்னும் இறுகும். சிறுநீரும் குறைஞ்சு தேங்கினால் கிருமி ஏறும். வயிறு போடுறதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்லை. விரிஞ்ச தசை திரும்பச் சேரக் காலம் எடுக்கும், இரண்டாம் முறை இன்னும் கூட எடுக்கும்.

செய்ய வேண்டியது சின்ன விசயம். கட்டிலடியிலை ஒரு லீற்றர் போத்தில், கொதிச்சாறின தண்ணி. பால் குடுக்க இருக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு கிளாஸ். சிறுநீர் வெளிறின நிறத்துக்கு வந்தால் அளவு சரி. எரிவோடை காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க நோ வந்தால் மல்லித்தண்ணியை நம்பி இருக்காமல் அண்டைக்கே ஆஸ்பத்திரி.

முதல் பிள்ளைக்கு எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுச் செய்த அதே வீடு. இந்த முறை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. "இரண்டாவதுதானே, அவவுக்குத் தெரியும்."

வேர்க்கொம்பு

கிணத்தடி, தண்ணிக் கதை சரி. ஆனால் உதை வாசிக்கிற ஆக்கள் பத்தியமே பிழை எண்டு எடுத்துக்கொண்டு போவினம். கொதிச்சாறின தண்ணி குடுக்கிறதுதான் பத்தியம். தண்ணியை மறிக்கிறது பத்தியம் இல்லை.

சுன்னாகத்திலை கண்டது மற்றப் பக்கம். பன்னிரண்டாம் நாள், கோப்பையிலை வெறும் சோறும் சரக்குத்தூளும் குழைச்சு வைச்சிருக்கு. மீன் இல்லை, இலை இல்லை, முட்டை இல்லை. எல்லாம் கிரந்தியாம், உடம்புக்குச் சேராதாம். அஞ்சு வாய்க்கு மேலை இறங்கேல்லை, பிறகு கோப்பையை மூத்தவளின்ரை பக்கம் தள்ளிவிட்டா. சரக்கு எண்டது கறிக்குப் போடுற தூள், அதுவே கறியில்லை.

தூள் இடிக்கிற முறையும் கனக்க வீடுகளிலை குழம்பிப் போச்சு. மல்லி அரைக் கிலோ, மிளகு 100 கிராம், நற்சீரகம் 100, மஞ்சள் 50, வேர்க்கொம்பு (சுக்கு) 50. செத்தல் மிளகாய் வேண்டாம். முதல் எல்லாத்தையும் சுளகிலை பரப்பி ஒரு நாள் நல்ல வெயிலிலை காயவிடுங்கோ. மஞ்சளையும் வேர்க்கொம்பையும் அம்மியிலை தட்டி உடைச்சுப்போட்டு வறுக்க வேணும், முழுசாப் போட்டால் வெளி கருகும், உள் ஈரம் நிக்கும். ஒவ்வொண்டும் வேறை வேறையா, வெறும் சட்டியிலை, மெல்லிய நெருப்பிலை. மல்லி வாசம் எழும்பினால் போதும், நிறம் மாறினால் கைக்கும். சீரகம் கடைசி, அடுப்பை நிப்பாட்டின சூடே அதுக்குக் காணும். நல்லா ஆறவிட்டு இடிச்சு, அரிச்சு, ஈரமில்லாத போத்திலிலை போடுங்கோ. சூட்டோடை மூடினால் உள்ளுக்கை வேர்த்து ஒரு மாதத்திலை பூஞ்சணம் பிடிக்கும்.

கறிக்கு: பத்துப் பல்லு உள்ளி, முருங்கைக்காய், கத்தரிப் பிஞ்சு, ஒரு கை அளவு மீன், தூள் ஒரு மேசைக்கரண்டி. பால்சுறா கிடைச்சால் அவிச்சு, முள்ளு எடுத்து, முருங்கையிலையும் உள்ளியும் போட்டு வறை. பால் சுரக்கும் எண்டுதான் குடுக்கிறது. பால் கூடுறது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுறதாலை எண்டு டொக்டர்மார் சொல்லுவினம், அதையும் மறுக்கேல்லை. ஆனால் ஒரு கோப்பை சுறா வறை எண்டால் நல்ல புரதம், அது உடம்புக்குத் தேவைதானே. கிளினிக்கிலை மாதம் ரெண்டு பக்கெற் திரிபோசா எண்ட சத்துமா தருவினம், ஒண்டு 750 கிராம். அது தாய்க்கு. மூத்தபிள்ளை கேக்குது எண்டு உருட்டிக் குடுத்து முடிக்கிறதுதான் எல்லா வீட்டிலையும் நடக்குது.

இரவு வாட்டு

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறதைச் சொல்லுறியள். அதுக்கு முந்தின இரவைப் பற்றிச் சொல்லோணும்.

இரண்டாவது பிரசவம், சுகமாக நடந்தது, நாலு மணித்தியாலம் ஆச்சு. தாய் போனிலை. வீட்டிலை மூத்தவன் நித்திரை கொள்ளாமல் அழுறான், அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டு இருக்கிறா. இரத்தம் போறதைக் கேட்டால், "முதல் பிள்ளைக்கும் இப்பிடித்தான் போனது." போர்வையை விலக்கினால் பாட் நனைஞ்சு விரிப்பிலை இறங்கியிருக்கு. வயித்திலை கை வைச்சால் கருப்பை தொப்புளுக்கு மேலை, வலப்பக்கம் தள்ளி, பிசைஞ்ச மா மாதிரி. அது சிரட்டை மாதிரிக் கட்டியா இருக்க வேணும்.

சிறுநீர் போகவே இல்லை. எழும்பினால் போனை வைக்க வேணும், வைச்சால் அவன் அழுவான். குழாய் போட்டு எடுத்தது 600 மில்லிலீற்றர். எடுத்து, கருப்பையைத் தடவிவிட, கைக்குக் கீழேயே அது இறுகிச்சு, ஓட்டம் குறைஞ்சுது. நிரம்பின சலப்பை (சிறுநீர்ப்பை) கருப்பையை மேலே தள்ளி வைச்சிருக்கும், சுருங்க விடாது. சுருங்காட்டில் சூல்வித்தகம் (நச்சுக்கொடி) கழண்ட இடத்து இரத்தக்குழாய் மூடாது.

பிள்ளை பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள்ளை சிறுநீர் போக வேணும். வராட்டில் நேர்சைக் கூப்பிடுங்கோ, வெக்கப்படுற விசயம் இல்லை. வீட்டுக்குப் போன பிறகு ஒரு மணித்தியாலத்திலை ஒரு பாட் முழுக்க நனைஞ்சால், முட்டையை விடப் பெரிய கட்டி விழுந்தால், கெட்ட மணம் அடிச்சால், 38 பாகைக்கு மேலை காய்ச்சல் எண்டால் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், தலையிடியோடை கண் மங்கினாலும் அதே அவசரம்தான். பிரசர் பிள்ளை பிறந்த பிறகும் ஏறும்.

இன்னொண்டு. பால் குடுக்கேக்கை அடிவயிறு முறுக்கும். முதல் பிள்ளைக்கு அவ்வளவு தெரியாது, இரண்டாவதுக்கு நல்லாத் தெரியும். ஏதோ பிழை எண்டு பயந்து பால் குடுக்கிறதைக் குறைக்கினம். பிள்ளை உறிஞ்சக் கருப்பை சுருங்குது, அதுதான் அந்த நோ. பெரும்பாலும் மூண்டு நாள். குடுக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முன்னம் பனடோல் ரெண்டு, 500 மில்லிகிராம் குளிசை. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், நாளுக்கு எட்டுக்கு மேலை வேண்டாம்.

நெடுந்தீவுப் படகு

மூத்த பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தாய்க்கு ஓய்வு வேண்டும் என்று இரண்டு வயதும் நாலு மாதமுமான பெண்பிள்ளையை அம்மம்மாவோடு நெடுந்தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து கூட்டி வந்த அன்று, பிள்ளை ஓடி வரவில்லை. அறை வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, பிள்ளை பார்க்க வருகிற ஆட்கள் நிற்பது போல நின்றது. தாய் கையை நீட்டினாள். "குட்டித்தம்பி நித்திரையோ?" என்று மட்டும் கேட்டது.

ஒரு மாதம் என்பது அந்த வயதுக்கு எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். அனுப்பத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாள், அதுவும் பிள்ளை ஏற்கெனவே படுத்துப் பழகிய வீட்டுக்கு. முதன்முதலாகத் தம்பியையோ தங்கச்சியையோ காட்டும்போது தாயின் கை வெறுமையாக இருக்கட்டும். சின்னது கட்டிலிலோ அப்பம்மாவின் மடியிலோ இருக்கலாம். மூத்தது முதலில் தாயிடம் வரட்டும்.

சீசர் (வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தது) என்றால் ஆறு கிழமைக்கு, பிறந்த பிள்ளையை விடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது. மூத்தது 12 கிலோ இருக்கும். "அம்மா தூக்கு" என்று அழுதால் குனிய வேண்டாம். கதிரையில் கால் நிலத்தில் ஊன்ற இருந்து, காயத்துக்கு முன்னால் ஒரு தலகணியை வைத்து, பக்கத்தில் சின்ன வாங்கு ஒன்றைப் போட்டுவிட்டால் பிள்ளை தானாக ஏறி வரும். தேவைப்படுவது மடிதான். கட்டிலால் எழும்பும்போதும் நேரே நிமிராமல், முழங்காலை மடித்து, உடம்பை ஒன்றாகப் பக்கவாட்டில் உருட்டி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும்.

சட்டையில் சிறுநீர் போகாத பிள்ளை திரும்பப் போகும், போத்தில் கேட்கும், மழலையில் கதைக்கும். ஏச வேண்டாம், சில கிழமையில் மாறும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் சின்னதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மூத்ததோடு மட்டும் தாய் இருக்கட்டும். ஒரே நேரத்தில், நாளாந்தம். ஏணையை (துணித் தொட்டிலை) மூத்தது ஆட்ட விடவே வேண்டாம். அன்பாகத்தான் ஆட்டும், ஆனால் சுவரளவுக்குப் போகும். தடிமன் இருமல் என்றால் கை கழுவிவிட்டுக் காலை மட்டும் தொடட்டும். மூத்தது இன்னும் பால் குடிக்கிறதென்றால் நிறுத்தத் தேவையில்லை. முதல் நாட்களில் சின்னது குடித்த பிறகு மூத்ததுக்கு.

பாவட்டை இலை

வேது, அதாவது பிள்ளை பெத்தவவுக்கு இலை அவிச்ச சுடுதண்ணி ஊத்துறது, அதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. பருத்தித்துறைப் பக்கம், சீசர், ஏழாம் நாள். நொச்சி, ஆமணக்கு, வேப்பிலை எல்லாம் அவிச்ச தண்ணி, ஆவி பறக்குது. கிழவி செம்பாலை வயித்திலை அடிச்சு ஊத்துறா, தாய் பேசாமல் நிக்கிறா. நோகேல்லையோ எண்டு கேக்க, "அந்த இடம் மரத்துப்போய்க் கிடக்கு, ஒண்டும் தெரியேல்லை." காயத்துக்கு மேலை தோல் கொப்பளிச்சிருக்கு.

சீசர் வெட்டைச் சுத்தி மாதக்கணக்கிலை உணர்ச்சி குறைவாக இருக்கும். சூடு சுட்டாலும் தெரியாது. முழங்கையாலை பாத்து, அந்தச் சூடு பொறுத்தால் மட்டும் ஊத்துங்கோ. முதுகுக்கும் இடுப்புக்கும் ஊத்தினால் போதும், காயத்திலை அடிக்க வேண்டாம். இருந்து குளிக்கட்டும், கதவு பூட்ட வேண்டாம். இரத்தம் குறைஞ்ச உடம்பு, வெக்கையிலை தலை சுத்தி விழும். பிறகு சுத்தமான துவாயாலை ஒத்தி எடுத்து, தொங்குற வயித்து மடிப்புக்குக் கீழை ஈரம் நிக்காமல் பாருங்கோ. கசிவு, சிவப்பு, மணம் எண்டால் காட்ட வேணும்.

வேர்க்கொம்பு

பாவட்டை இலை சொன்னது சரி. வேது சாதாரணப் பிரசவத்துக்கு வந்த பழக்கம், சீசருக்கு அப்பிடியே தூக்கி வைக்கக் கூடாது. ஆனால் கிழவி எண்டு எழுத வேண்டாம், ஆச்சி எண்டு எழுதுங்கோ.

பாவட்டை இலை

ஓம், பிழைதான். ஆச்சி.

முற்றத்து மா

சாவகச்சேரி, ஐஞ்சாம் கிழமை. பிள்ளை நாளுக்கு முப்பது கிராம் வைச்சு ஏறியிருக்கு, வீடு துப்புரவு, மூத்தவன் முன்பள்ளிக்குப் போட்டான். எல்லாரும் "ரெண்டையும் வடிவாப் பாக்கிறா" எண்டுகினம். கதைச்சுக்கொண்டு இருக்க, அவ ஒரே துவாயை மடிச்சு, விரிச்சு, திரும்ப மடிக்கிறா. நாலாம் தரம் மடிக்கேக்கை கேட்டது: "பிள்ளை நித்திரையாகேக்கை உங்களுக்கு நித்திரை வருதோ?"

"படுத்தால் கண் மூடாது. மூத்தவன்ரை சத்தம் கேட்டால் கோவம் வருது. பிறகு அவன் நித்திரையான உடனை காலைப் பிடிச்சுக்கொண்டு அழுறன்."

மூண்டாம் நாளிலை இருந்து வாற அழுகை ரெண்டு கிழமைக்குள்ளை அடங்க வேணும். அதுக்குப் பிறகும் நிண்டால், பிள்ளை நித்திரை கொண்டும் தாய்க்கு நித்திரை வராட்டில், அது களைப்பு இல்லை, நோய். கிளினிக்கிலை பத்துக் கேள்வி உள்ள படிவம் இருக்கு. கடைசிக் கேள்வி தன்னைத் தானே ஏதும் செய்துகொள்ள நினைச்சதோ எண்டது. மாமிக்கு முன்னாலை வைச்சுக் கேட்டால் எல்லாத்துக்கும் "இல்லை" எண்டுதான் பதில் வரும். தனிய இருத்திக் கேளுங்கோ. பால் குடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கு. இரவு பகல் நித்திரையே இல்லாமல், சம்பந்தமில்லாமல் கதைச்சால், இல்லாத சத்தம் கேக்குது எண்டால் அண்டைக்கே ஆஸ்பத்திரி, பிள்ளையோடை தனிய விட வேண்டாம். 1926 எண்ட மனநல உதவி எண்ணுக்கு அடிச்சால் எந்த நேரமும் கதைக்கலாம்.

அவவின்ரை மனுசனுக்குச் சொன்னது ஒண்டுதான்: இரவு பத்திலை இருந்து ரெண்டு மணி வரைக்கும் பிள்ளை அழுதால் தூக்கிக் கொண்டுவந்து பாலுக்குக் குடுத்து, முடிய வாங்கி, ஏவறை விட்டு, படுக்க வைக்கிற வேலை முழுக்க அவருக்கு. தாய் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது.

கிணத்தடி

முற்றத்து மா, உந்தத் துவாய்க் கதையை வாசிச்ச பிறகு கொக்குவில் தாயிட்டை நித்திரையைப் பற்றிக் கேக்காமல் வந்தது மனசிலை குத்துது. அடுத்த பார்வை பதினாலாம் நாள். மாமியைப் பிள்ளை குளிப்பாட்டக் கிணத்தடிக்கு விட்டிட்டுத்தான் கேக்க வேணும்.

வேர்க்கொம்பு

மேலை மிளகு 100 எண்டு எழுதினது பொதுவான அளவு. நெஞ்செரிவு உள்ள ஆக்களுக்கு 50 போதும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடை குடிக்க வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்பைச் சேர விடாது. ஒண்டு ரெண்டு மணித்தியாலம் தள்ளி, தேசிக்காய்த் தண்ணியோடை. கல்சியம் வேறை நேரம். மலம் கறுப்பாய்ப் போகும், அதுக்குப் பயந்து நிப்பாட்ட வேண்டாம்.