புதுப்பிப்பு: நாலாம் அத்தியாயத்தில் நின்றுபோன தன்வரலாறு நகர்ந்துவிட்டது

எட்டு மாசமாக எழுத்து நகரவில்லை, துணைக்கு யாரைப் பிடிப்பது என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது "ஒரே ஒரு வாசகர், வாரா வாரம் கெடு" என்ற யோசனை. சனி இரவு 9 மணிக்குள் இரண்டு பக்கம், எப்படியிருந்தாலும் அனுப்பியே ஆகணும். படிப்பவர் எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது. "எந்த இடத்தில் இன்னும் கேட்கத் தோன்றியது" என்று மட்டும் சொல்லணும். இந்த நிபந்தனைதான் முக்கியம். முதல் இரண்டு வாரம் இது இல்லாமல் திருத்தம் வந்து குவிந்தது, கை மறுபடி நின்றது. இப்போது 19 வாரம், 36 பக்கம். (உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' கூட விகடனில் வாரத்தொடராக வந்ததுதான்.)

மற்ற யோசனைகள் பலிக்கவில்லை. ஐந்து பேர் குழு மூன்றே வாரத்தில் கலைந்தது. குரல் தட்டச்சு வேகம்தான், ஆனால் ஊர்ப்பெயர்களைக் கடித்துத் துப்பியது: 'வல்லம்' எல்லாம் 'வெல்லம்'.

எதிர்பாராதது: பழைய ரேஷன் கார்டின் முகவரி, தன்வரலாற்றில் நான் குறித்திருந்த வருஷத்தோடு ஒத்துப்போகவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். ஆவணங்களை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.